தங்கம், வெள்ளி வாங்கும் முன் சோதிப்பது எப்படி? முத்திரை முதல் திராவகம் வரை

நகை சோதிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது திராவகத்தைத்தான். அது கடைசியில் வரவேண்டியது. நகையில் கீறல் விழாத சோதனைகளை முதலில் முடிக்க வேண்டும். கீறுவதும் உரைப்பதும் வேறு வழியில்லை என்றான பிறகே.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையும் தனியாக நின்று "இது தங்கம்" என்று சொல்லாது. காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், பித்தளையைக் காட்டிக்கொடுக்காது. கடைகளில் தூய்மையைக் காட்டும் காரட் மீட்டர் என்ற கருவி மேற்பரப்பைப் படிக்கும், உள்ளே போகாது. தண்ணீர்ச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்து அளக்கும். ஆனால் கல் பதித்த நகையில் செல்லாது. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடிக்கும்படி வரிசையாகச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. யாரிடம் வாங்குகிறீர்கள்?

கடையில் புது நகை வாங்கினால் கீழே உள்ளவற்றில் 3, 4, 7, 9, 12 பகுதிகள் போதும். தெரிந்தவரிடம் பழைய நகை வாங்கினால் எல்லாமே வேண்டும், ஏனெனில் பழைய நகையில் இன்றைய முத்திரை இருக்காது.

மூன்றாவது வகையும் உண்டு. "வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறோம்" என்று வருகிறவர்கள். மாலையிலிருந்து இரண்டு மணியைக் கழற்றிக் கொடுத்து, எந்தப் பத்தரிடம் வேண்டுமானாலும் காட்டிவிட்டு வாருங்கள் என்பார்கள். அந்த இரண்டு மணி உண்மையிலேயே தங்கமாக இருக்கும். பணம் கொடுத்து வாங்கி வரும் மாலை பித்தளை. ஏமாந்தவர்களில் பலர் சோதித்துவிட்டுத்தான் ஏமாந்தார்கள். ஆனால் விற்பவர் எடுத்துக் கொடுத்ததைச் சோதித்தார்கள். எந்தத் துண்டைச் சோதிப்பது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதித்த பொருள் பணம் கைமாறும் வரை உங்கள் கண்ணைவிட்டு அகலவும் கூடாது. இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வலுவான நியோடைமியம் காந்தம், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, அதைச் சரிபார்க்க ஒரு 50 கிராம் படிக்கல், கண்ணாடித் தம்ளர், மெல்லிய தையல் நூல், கைபேசியில் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலி.

படிக்கல்லைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தராசு தப்பாகக் காட்டினால் அதன்மேல் போடும் கணக்கெல்லாம் தப்பாகும். ஒவ்வொரு முறையும் முதலில் படிக்கல்லை வைத்துப் பாருங்கள்.

3. முத்திரையைப் படியுங்கள்

2021 ஜூலை 1 முதல் தங்க நகை ஹால்மார்க்கில் மூன்று அடையாளங்கள் மட்டுமே. முக்கோண வடிவிலான பிஐஎஸ் சின்னம், தூய்மைக் குறி, ஹெச்யூஐடி எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண். தூய்மைக் குறி 22 காரட்டுக்கு 22கே916, 18 காரட்டுக்கு 18கே750, 14 காரட்டுக்கு 14கே585 என்று இருக்கும். 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம்.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் ஹெச்யூஐடி இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைவானவை, குந்தன், போல்கி, ஜடாவ் என்ற கல் பதித்த வகைகள் இவற்றுக்கு விலக்கு உண்டு. சிறிய மூக்குத்தியில் முத்திரை இல்லையென்றால் பதற வேண்டியதில்லை. இரண்டு பவுன் சங்கிலியில் இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, "916" என்ற எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது. அந்த எண்ணை எந்தப் பட்டறையிலும் குத்தலாம். முக்கோணமும் ஆறு இலக்கமும் கூடவே இருந்தால்தான் அது ஹால்மார்க். "கேடிஎம்" என்ற குத்தும் அப்படித்தான். காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த காலத்துப் பெயர் அது. தூய்மைக்குச் சான்று இல்லை. காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

பழைய நகையில் பிஐஎஸ் சின்னம், தூய்மை எண், சோதனை மையத்தின் குறி, நகைக்கடையின் குறி என்று நான்கு இருக்கலாம். அவை அந்தக் காலத்து உண்மையான முத்திரையாக இருக்கலாம். ஆனால் செயலியில் சரிபார்க்க வழியில்லாததால், முத்திரையே இல்லாத நகையைப் போல எண்ணி மற்றச் சோதனைகளுக்குப் போங்கள்.

4. எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள்

பிஐஎஸ் கேர் செயலியில் ஹெச்யூஐடி சரிபார்க்கும் பகுதியைத் திறந்து ஆறு இலக்கத்தையும் இடுங்கள். பதிவு செய்த நகை வியாபாரி, சோதித்த மையம், பொருளின் வகை, தூய்மை ஆகியவை வரும்.

எண் "இருக்கிறது" என்று காட்டியதுமே செயலியை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரு நல்ல நகையின் எண்ணைப் பார்த்து வேறு நகையில் லேசரால் பொறிக்க முடியும். அதனால் பொருளின் வகையை ஒப்பிடுங்கள். கையில் இருப்பது சங்கிலி, செயலியில் வருவது மோதிரம் என்றால் அந்த நகையைக் கீழே வைத்துவிடலாம். தூய்மையையும் ஒப்பிடுங்கள்.

வியாபாரியின் பெயர் நீங்கள் நிற்கும் கடையின் பெயராக இல்லாவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். செய்து கொடுத்த மொத்த வியாபாரி முத்திரை வாங்கியிருக்கலாம். கடைக்காரரிடம் கேளுங்கள்; தயங்காமல் பதில் வர வேண்டும்.

இந்த வேலையை விலை பேசும் முன்பே செய்யுங்கள். செய்கூலியில் தள்ளுபடி வாங்கி, சேதாரத்தைக் குறைத்து, மனம் அந்த நகையோடு ஒன்றிப்போன பிறகு லென்ஸை எடுப்பவர்கள் குறையைக் கண்டாலும் சமாதானம் தேடுகிறார்கள். பலமுறை பார்த்திருக்கிறேன்.

5. லென்ஸில் தேய்ந்த இடங்களைத் தேடுங்கள்

முலாம் பூசிய நகை, தோலிலும் துணியிலும் உரசும் இடத்தில்தான் முதலில் வெளுக்கும். சங்கிலியில் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கம், கொக்கியின் வளைவு, தோட்டின் திருகாணி மரை, மோதிரத்தின் அடிப்பக்கம், வளையலின் உள்விளிம்பு. அங்கே நிறம் மாறிச் செம்போ வெண்மையோ எட்டிப் பார்த்தால் அது கவரிங்.

சிதம்பரம் கவரிங் போன்ற நல்ல வேலைப்பாடு புதிதாக இருக்கும்போது முகப்பில் கண்ணுக்குத் தங்கமாகவே தெரியும். ஆகையால் முகப்பைப் பார்ப்பதில் பயனில்லை, பின்புறத்தைத் திருப்புங்கள்.

6. காந்தம்

தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு அல்லது நிக்கல் இருக்கிறது; வேலை முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. சில கொக்கிகளுக்குள் எஃகுச் சுருள் இருக்கும், அங்கே மட்டும் லேசாக இழுக்கும். அதை வைத்து முழு நகையையும் தள்ளிவிடாதீர்கள்.

கடித்துப் பார்ப்பது, தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்ப்பது, வினிகர் ஊற்றுவது ஆகியவற்றை விட்டுவிடலாம். பித்தளையும் மூழ்கும், ஈயத்திலும் பல் பதியும்.

7. எடை

மொத்த எடை வேறு, நிகரத் தங்க எடை வேறு. கல், முத்து, எனாமல், உள்ளே அடைத்த அரக்கு எல்லாம் மொத்த எடையில் இருக்கும். தங்க விலை கொடுக்க வேண்டியது நிகர எடைக்கு மட்டும். கல்லின் எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். "கல்லோடு சேர்த்து ஒன்பது கிராம்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

கடைத் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மூடி இருந்தால் மூடிவிட்டு எடை எடுக்கச் சொல்லுங்கள். மின்விசிறிக் காற்றே சில மில்லிகிராம் ஆட்டிவிடும்.

8. தண்ணீரில் அடர்த்தி

வீட்டில் செய்யக்கூடியவற்றில் அதிகம் சொல்வது இதுதான், அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். முலாம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே இருக்கும் உலோகத்தின் அடர்த்தியை மறைக்க முடியாது.

முதலில் நகையைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, உலர்ந்த நிலையில் எடை எடுங்கள். அழுக்கும் எண்ணெயும் எடையைக் கூட்டும். தண்ணீரில் குமிழிகளையும் பிடித்துவைக்கும்.

அடுத்து, பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிய தம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

பிறகு நகையை நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடி முழுவதும் மூழ்கும் வரை இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம், நகை இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே நகையின் கன அளவு.

உலர் எடையை அந்த எண்ணால் வகுங்கள். 32 கிராம் வளையல் தண்ணீரில் 1.80 காட்டினால் அடர்த்தி 17.8. இது 22 காரட்டுக்குப் பொருந்தும். கலந்திருப்பது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து 17.5 முதல் 17.9 வரை வரலாம். அதே வளையல் 2.05 காட்டினால் 15.6, அதாவது 18 காரட். 3.05 காட்டினால் 10.5, தங்க முலாம் பூசிய வெள்ளி. 3.75 காட்டினால் 8.5, பித்தளை. சுத்தத் தங்கம் 19.3.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

நகை தம்ளரின் அடியைத் தொட்டுவிடுவது முதலாவது. அப்போது தராசு கன அளவைக் காட்டாது, நகையின் எடையையே காட்டத் தொடங்கும். அடர்த்தி அபத்தமாகக் குறைந்து வந்து, நல்ல நகையைப் போலி என்று சொல்லவைக்கும்.

இரண்டாவது, உள்ளே கூடாக இருக்கும் நகை. குழாய் வளையல், ஜிமிக்கி, குண்டுமணி, அரக்கு அடைத்தவை எல்லாவற்றிலும் காற்றோ அரக்கோ கன அளவைக் கூட்டி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். கல் வைத்ததும் அப்படியே. இவற்றுக்கு இந்தச் சோதனை கிடையாது.

மூன்றாவது, சிறிய நகை. இரண்டு கிராம் மோதிரத்தின் கன அளவு 0.11. தராசு 0.12 என்று காட்டிவிட்டால் அடர்த்தி 18.2-லிருந்து 16.7-க்கு இறங்கிவிடும். ஒரு புள்ளியின் தடுமாற்றம் காரட்டையே மாற்றிவிடுகிறது. 20 கிராமுக்கு மேல் உள்ள கெட்டி நகைக்கே இந்த எண்ணை நம்புங்கள். அதற்குக் கீழே பித்தளையா தங்கமா என்று மட்டும் சொல்லலாம். எத்தனை காரட் என்று சொல்லக் கூடாது.

கட்டியும் தடித்த காசும் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு மிக அருகில். உள்ளே டங்ஸ்டனும் மேலே தங்கமுமாக இருந்தால் தண்ணீரும் ஏமாறும், காரட் மீட்டரும் ஏமாறும். டங்ஸ்டன் கடினமானது, பத்தர் அதைக் கம்பியாக இழுத்து நகை செய்ய மாட்டார். எனவே இது சங்கிலிக்கான கவலை இல்லை. கட்டியைத் தெரியாத ஆளிடம் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

9. காரட் மீட்டர்

கடைகளில் இருக்கும் இந்தப் பெட்டி எக்ஸ்ஆர்எஃப் என்ற முறையில் வேலை செய்கிறது. எக்ஸ் கதிரை நகைமேல் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரிலிருந்து உலோகங்களின் விகிதத்தைச் சொல்கிறது. நகைக்குச் சேதம் இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் அது படிப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டும். தடித்த முலாம் அதை ஏமாற்றும். அதனால் மூன்று இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள்: நடுப்பகுதி, கொக்கி, பற்றவைத்த இடம். பொடி வைத்துப் பற்றிய இடத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு. நடுப்பகுதியிலும் குறைந்தால் அது 22 காரட் இல்லை.

தங்கத்தின் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திரையில் முழுப் பட்டியலும் இருக்கும். தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் இருப்பது வழக்கம். காட்மியம், இரிடியம், ருத்தீனியம் தென்பட்டால் ஏன் என்று கேளுங்கள். கடைசி இரண்டும் தங்கத்தோடு கரைந்து சேராமல் துகளாக நிற்பவை, கலப்படத்துக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன.

பழைய நகையை விற்பவரோடு சேர்ந்தே போய், இருவருக்கும் தொடர்பில்லாத இடத்தில் சோதியுங்கள். பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்கலாம். பெரிய தொகை என்றால் கடையில் வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தத் தாள் மேல்.

10. உரைகல்லும் திராவகமும்

இதைப் பத்தரிடம் விட்டுவிடுங்கள். அவர் செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரிக் அமிலம் தோலைச் சுடும், அதன் புகை மூச்சுக்குக் கேடு. சமையலறையில் செய்யும் வேலை இல்லை.

நகையைக் கறுப்பு உரைகல்லில் உரசிக் கோடு இழுத்து, பக்கத்திலேயே தூய்மை தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டின் மேலும் அமிலம். பித்தளைக் கோடு நுரைத்து மறையும். தரம் குறைந்த தங்கம் மங்கும். நல்ல தங்கம் அப்படியே நிற்கும். 22-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரிக்க, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிறிது கலந்த திராவகமும் அனுபவமுள்ள கண்ணும் வேண்டும்.

ஒப்பிடும் கோடு இல்லாமல் ஒற்றைக் கோட்டைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை ஏற்காதீர்கள். முதல் உரசலில் வருவது முலாமாக இருக்கலாம் என்பதால் அதே இடத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தி உரசிய பிறகு கோடு இழுக்கச் சொல்லுங்கள். இதற்கு முன் விற்பவரின் சம்மதம் கேளுங்கள். இன்னும் அது அவருடைய நகை.

11. வெள்ளி

தங்கத்தில் இருக்கும் எச்சரிக்கையில் பாதிகூட வெள்ளியில் யாரும் காட்டுவதில்லை. தூய்மை அதிகம் ஏறி இறங்குவது இங்கேதான்.

வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ஹெச்யூஐடி வந்திருக்கிறது, அதுவும் விருப்பத்தின் பேரில்தான். 990, 925, 800 போன்ற எண்கள் ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்பதைச் சொல்கின்றன. முத்திரை இருந்தால் தங்கத்துக்குச் சொன்னபடியே சரிபாருங்கள்.

முத்திரை இல்லாத கொலுசு, அரைஞாண், மெட்டி வாங்கும்போது முதல் கேள்வி "கிராம் எவ்வளவு" என்பதாக இருக்கக் கூடாது. "எத்தனை டச்" என்று கேளுங்கள். 70 டச் கொலுசு 100 கிராம் என்றால் அதில் வெள்ளி 70 கிராம். சுத்த வெள்ளி விலையில் நூறு கிராமுக்கும் பணம் கொடுத்துவிட்டு, திரும்ப விற்கும்போது வருந்துகிறவர்கள் ஏராளம். கொலுசு கொஞ்சம் டச் குறைவாக இருப்பதே மோசடி ஆகாது. சுத்த வெள்ளி மென்மையானது, வளையும். குறைந்த டச்சை முழு வெள்ளியாக விற்பதுதான் மோசடி.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வரும் தட்டு, கிண்ணம், பூஜைச் சாமான்களில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அன்பளிப்பாக வாங்குவதில் குற்றமில்லை, வெள்ளி விலை கொடுக்காதவரை.

தண்ணீர்ச் சோதனை வெள்ளியில் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் வெள்ளிப் பொருள்கள் எடை கூடியவை. 100 கிராம் சுத்த வெள்ளிக் காசு தண்ணீரில் 9.53 காட்ட வேண்டும், அடர்த்தி 10.49. ஜெர்மன் சில்வர் என்றால் தராசு 11.5-ஐ ஒட்டிக் காட்டும். ஈயத்தின் அடர்த்தி 11.34, அதைப் பித்தளையோடு சேர்த்து வெள்ளியின் எண்ணை வரவழைக்க முடியும் என்பதால் இதோடு முடித்துக்கொள்ளாதீர்கள்.

சரிந்த வெள்ளிக் கட்டியின்மேல் வலுவான காந்தத்தை வைத்தால் வழுக்கி விழாமல் மெதுவாக இறங்கும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் உண்டாகும் தடை அது. பனிக்கட்டி விரைவாக உருகுவதும் அப்படித்தான், வெப்பம் நன்றாகக் கடத்துவதால். செம்பும் இரண்டையும் கிட்டத்தட்ட அதே அளவு செய்யும், எனவே வெள்ளி பூசிய செம்பை இவற்றால் பிரிக்க முடியாது. அதற்கு ஓரத்தில் சிறு கீறல் போட்டு, உள்ளே நிறம் சிவக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும்.

கறுத்துப்போன வெள்ளியைப் போலி என்று தள்ளாதீர்கள். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியே கறுக்கும். குத்துவிளக்கு, சாமி சிலை வாங்கும்போது மட்டும் உள்ளே அரக்கு அடைத்திருக்கிறதா என்று கேட்டு, நிகர வெள்ளி எடையை எழுதி வாங்குங்கள்.

12. ரசீது

பணம் கொடுப்பதற்கு முன் ரசீதைப் படியுங்கள். பொருளின் விவரம், நிகர எடை, காரட்டும் தூய்மை எண்ணும், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹெச்யூஐடியையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு தகராறு வந்தால் இந்த நகைதான் இந்த ரசீதில் உள்ளது என்று காட்ட அது ஒன்றே வழி. வெள்ளிக்கு டச் எழுத வேண்டும்.

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து "ஜிஎஸ்டி மிச்சம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய், குறை தெரியும்போது கேட்கும் உரிமையையே கைவிட்டுவிடுவீர்கள்.

13. வாங்கிய பிறகு குறை தெரிந்தால்

நகையை உருக்கவோ திருத்தவோ கொடுக்காதீர்கள், அது சாட்சி. அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் சோதித்து அறிக்கை வாங்கிக்கொண்டு, அதோடும் ரசீதோடும் கடைக்குப் போங்கள்.

ஹால்மார்க் செய்த நகை, குறித்த தூய்மைக்குக் கீழே இருந்தால் 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளின்படி குறையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும். 916 என்று வாங்கிய 16 கிராம் சங்கிலி 875 என்று வந்தால் ஆயிரத்துக்கு 41 குறைகிறது, அதாவது 0.656 கிராம் தங்கம். இழப்பீடு 1.312 கிராம் தங்கத்தின் மதிப்பு. இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். பேச்சு சுருக்கமாக முடியும்.

கடை மறுத்தால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடையில் குறை என்றால் அது வேறு துறை: தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் போக வேண்டும். தூய்மைப் புகாரையும் எடைப் புகாரையும் ஒரே மனுவில் கலந்து எழுதாதீர்கள், இரண்டும் தாமதமாகும்.